முப்பத்தாறு டிகிரி

மிட்சுயோ மல்லாந்து படுத்துத்தான் அந்தக் கூட்டை அறுத்தாள். தரைப்பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒன்றரை அடிதான் இடம். புரண்டால் தோள் இடிக்கும். குளியலறைப் பக்கத்துத் தூண் உத்தரத்தோடு சேரும் மூலையில் ஆள் தலையை விடப் பெரிதாக அப்பியிருந்தது கறையான் கூடு. மென்று துப்பிய மரமும் எச்சமும் சேர்ந்து இறுகியது. ரம்பம் ஓடிய கீறலிலிருந்து உடைந்த அரிசி மாதிரி அவள் நெற்றியிலும் கழுத்திலும் கறையான்கள் கொட்டின. காவல் கறையான்கள் கடித்த இடத்தில் வெள்ளையாகப் பால் கக்கின. வாயை இறுக்க மூடிக்கொண்டாள். வீடுகளில் கறையான் ஒழிக்கும் இந்தத் தொழிலில் எத்தனை கறையான் வயிற்றுக்குள் போயிருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

"ஒடச்சிராத! முழுசா வேணும்!" வெளியே முற்றத்தில், தரைக்கடித் திறப்பிலிருந்து கழற்றி வைத்த மரச்சட்டத்தின் பக்கத்தில் குந்தியிருந்த எய்கி கத்தினான்.

"நான் என்னய்யா பிரசவமா பாக்குறேன்? தலை தெரியுது. கொஞ்சம் பொறு."

முன்பெல்லாம் இதற்கு வயிறு குலுங்கச் சிரிப்பான். இப்போது, "கீழ துணிய விரிச்சுக்கிட்டியா? அதிர்ச்சி ஆகக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க," என்றான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் வரை உள்ளே ஊர்ந்தது எய்கிதான். மோதோபு ஊரில் ஒரு வீட்டுக்கடியில் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது; மிட்சுயோதான் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தாள். முதுகெலும்பில் வட்டு நகர்ந்துவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து அவள் உள்ளே, அவன் திறப்பு வாசலில். வாசலில் இருப்பவர் பேசிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது இந்த வேலையின் வழக்கம். இருட்டுக்குள் திசை தப்பாமல் இருக்க அந்தக் குரல்தான் கயிறு. எதிரே ஹாபு விஷப்பாம்பு சுருண்டு கிடந்தாலும், தோள் மாட்டிக்கொண்டாலும், அந்தக் குரல் வரும் பக்கம் பின்வாங்கினால் வெளியே வந்துவிடலாம். வீட்டில் நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத எய்கி, வாசலில் உட்கார்ந்தால் வாய் மூடமாட்டான். பன்றிக்கறி விலை, தோற்றுப்போன பேஸ்பால் ஆட்டம், மைத்துனன் பெண்டாட்டியின் புது முடி, இருபது வயதில் அவன் ஓட்டிய திருட்டு மோட்டார் சைக்கிள். அவர்களுடைய குடித்தனம் முழுவதும் அந்தத் திறப்பு வழியாகத்தான் நடந்தது என்று மிட்சுயோ சில சமயம் நினைத்துக்கொள்வாள். முகம் பார்த்துப் பேசியதைவிட அதிகம்.

பிப்ரவரியில் குசுமி வந்தாள். நாகோவில் உள்ள ஆய்வுக்கூடத்தில் கறையானின் குடலை ஆராய்கிறவள்; எய்கி வாயில் அவள் டாக்டரம்மா. வடக்கே பெருந்தீவிலிருந்து வந்தவள், நாற்பது வயதுக்குள் இருக்கும். உயிரோடு கூடு கிடைத்தால் கொடுங்கள் என்று கேட்டு வந்தவள், இரண்டாம் தடவை எய்கியிடம் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். அவ்வளவுதான். புதன், வெள்ளி என்று நாள் வைத்து ஆய்வுக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தான். வாசல் பேச்சு மாறிப்போயிற்று. சில நாள் பேச்சே இருக்காது. மிட்சுயோ உள்ளே அசையாமல் கிடந்து காது கொடுத்துக் கேட்பாள். வெளியே அவன் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஏதாவது கறையானைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேசையிலேயே செய்து காட்டினான். பாகற்காய் வதக்கலைத் தள்ளிவைத்து, கண்ணாடித் துண்டில் ஒரு கறையானை விட்டான். இடது கைச் சாமணத்தால் தலையை அழுத்தி, வலது கைச் சாமணத்தால் வால் நுனியைப் பிடித்து ஒரு இழு. குடல் முழுசாக, ஈரநூல் மாதிரி வந்தது. நடுவில் பழுப்பாக உப்பியிருந்தது. சுத்தியலும் கடப்பாரையும் பிடித்துக் காய்த்த கை அது. பத்துக்கு ஒன்பது அறுபடாமல் வருகிறதாம். டாக்டரம்மாவுக்கே ஆறுதானாம்.

"சோறு திங்கிற எடத்துல..."

"இந்தா இந்த உப்பல் இருக்கு பாரு, இதுக்குள்ளதான் எல்லாம். கறையானுக்கு மரம் செரிக்காது, மிட்சுயோ. ஒனக்குத் தெரியுமா? நம்மள மாதிரிதான். மென்னு முழுங்குறது மட்டும்தான் அது. செரிக்க வைக்கிறது உள்ள இருக்கிற நுண்ணுயிருங்க. கண்ணுக்குத் தெரியாத பிராணி ஒண்ணு, அதுக்கு உள்ள பாக்டீரியா, அதோட தோல் மேல வேற பாக்டீரியா. வாடகை இல்லாத குடித்தனம்."

"வாடகை இல்லாத குடித்தனம் இங்கயும் ஒண்ணு நடக்குது."

அவன் காதில் விழவில்லை. "தோல் உரிக்கிறப்ப உள்ள இருக்கிறது எல்லாம் போயிரும். அப்ப பக்கத்துல இருக்கிற கறையான் பின்பக்கத்தத் திருப்பிக் குடுக்கும். இது நக்கிக்கும். அப்பத்தான் மறுபடி உள்ள குடி ஏறும். அதே கூட்டுக் கறையானா இருக்கணும், வேற கூடுன்னா கடிச்சுக் கொன்னுரும். சூடுன்னா இதுங்களுக்கு ஆகாது. முப்பத்தாறு டிகிரில ஒரு நாள் வச்சா போதும். கறையான் சாகாது, ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். உள்ள இருக்கிறது மட்டும் செத்துரும். அப்புறம் மூணு வாரம் மரத்த மென்னுக்கிட்டே பட்டினியில சாகும். வாயில சோறு, வயித்துல பசி." அவன் கண் பளபளத்தது. "டாக்டரம்மா சொன்னாங்க."

கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் அவன் எதைப் பற்றியும் இப்படிப் பேசி அவள் பார்த்ததில்லை. அவளைப் பற்றிப் பேசியிருந்தால் அது அவள் இல்லாத இடத்தில்தான் இருந்திருக்கும்.

ஜூன் கடைசியில், வண்டியில் சாமான் ஏற்றிய கையோடு, அவளும் ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டி வந்தது. வாசலில் செருப்பு மாற்றினார்கள். எய்கிக்குத் தனிச் செருப்பு இருந்தது. ஒட்டு நாடாவில் 'தொகாஷிகி' என்று அவர்கள் குடும்பப் பெயர் எழுதியிருந்தது. வெள்ளைக் கோட்டு ஒன்றை ஆணியிலிருந்து தானே எடுத்து மாட்டிக்கொண்டான். குசுமி காப்பி கொண்டுவந்தாள். மூடி போட்ட நீலக் கோப்பை அவனுக்கு. மிட்சுயோவுக்குக் காகிதக் கோப்பை. எய்கியின் கோப்பையில் பாதிக்குப் பாதி பால். வீட்டில் பால் வாங்குவதையே நிறுத்திப் பத்து வருஷம் ஆகிறது. ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு ஊதிக்கொள்கிறது என்று அவன் சொன்னதால். இங்கே மடக் மடக்கென்று குடித்தான்.

"போன மாசம் கொண்டு வந்த கூடு அற்புதம்," என்றாள் குசுமி. "அவ்வளவு குறுகலான எடத்துல கொஞ்சம் கூட நொறுங்காம எப்படித்தான் எடுத்தீங்களோ, தொகாஷிகி-சான்."

மிட்சுயோ புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கூட்டை எடுத்தபோது முழங்கையில் ஏறிய ஆணியின் தழும்பு இன்னும் கறுப்பு மாறவில்லை.

"ஆமா, கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு," என்றான் எய்கி.

குசுமி அவள் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்கினாள். நல்ல பெண்தான். அதுதான் எரிச்சல். "அம்மாவுக்குச் சிரமம்தான். அக்டோபர்லேர்ந்து இவர் எங்ககூட முழுநேர வேலைக்கு வந்துட்டா, அங்க நீங்க தனியா ஆயிடுவீங்க. ஜூலைல நிர்வாகத்துலேர்ந்து ஆள் வந்து இவர் கைவேலையப் பாப்பாங்க. அது ஒரு சடங்குதான்."

திரும்பி வரும்போது வண்டியில் மிட்சுயோ கேட்டாள்: "எப்ப சொல்றதா இருந்த?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எனக்கு வாசல்ல யாருய்யா உக்காருவா?"

"ஆள் போட்டுக்கலாம். ஒனக்கும் அம்பது ஆச்சு. எத்தன நாளைக்கு ஊர்ந்துக்கிட்டுக் கெடப்ப?"

"நான் ஊர்ந்து எடுத்தத நீ எடுத்தேன்னு சொல்ற நாள் வரைக்கும்."

அவன் ரேடியோவைப் போட்டான்.

இப்போது, நாகிஜினில் கிஷாபாவின் வீட்டுக்கடியில் அறுத்தது நிர்வாகத்து ஆள் முன்னால் வைக்கப்போகும் கூடு. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் கிஷாபா நாஹாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால், மருந்தடிப்பது அடுத்த வாரத்துக்கும் அடுத்த வாரம், வியாழக்கிழமை என்று ஏற்பாடு. மீதிக் கறையான்கள் அதுவரை அங்கேயே கிடக்கும். கூடு சனிக்கிழமை எடுத்தாயிற்று. ஆய்வுக்கூடம் திங்கட்கிழமைதான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை ஏயே தீவில் அண்ணன் வீட்டுக் கூரை வேலையை மேற்பார்க்க எய்கி கிளம்பினான். கிளம்பும்போது படகுத்துறை வரை போய்விட்டுத் திரும்பி வந்து சொன்னான்: "கூடு இருக்கிற பெட்டி குளியலறையிலயே இருக்கட்டும். தரையில தண்ணி தெளிச்சுக்கிட்டே இரு."

பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போகும்போது அவன் ஒருநாளும் பாதி வழியில் திரும்பி வந்ததில்லை.

காலை எட்டு மணிக்கு மிட்சுயோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்தாள். மருந்து டப்பாக்கள் இருக்கும் இடம். டப்பாக்களுக்காக ஒரு வெப்பமானி மாட்டியிருந்தது. முப்பத்திரண்டு. துணி துவைத்துப் போட்டாள். முப்பத்து நான்கு. பத்தரைக்கு முப்பத்தாறு. கதவை அரை சாண் திறந்துவைத்தாள். நாற்பதைத் தொட்டால் கறையானே செத்துப்போகும். செத்தால் தெரிந்துபோகும். முப்பத்தெட்டு ஆனால் இன்னும் கொஞ்சம் திறப்பாள், முப்பத்தைந்துக்கு இறங்கினால் சாத்துவாள். மதியம் சோறு உண்ணவில்லை. கொட்டகை வாசலில் ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அடுப்பில் பதம் பார்க்கிறவள் மாதிரி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் கண்ணாடி மூடி வழியாகக் கறையான்கள் ஓடுவது தெரிந்தது. மரத்தை மென்றுகொண்டிருந்தன. எந்த வித்தியாசமும் இல்லை. பொழுது சாய்ந்ததும் பெட்டியைக் கம்பளியில் சுற்றி, குளியலறைக் கொதிகலனின் மேல் வெப்பமானியோடு வைத்தாள். அவள் வயிற்றில் ஒரு நிம்மதி வந்தது. கெட்ட நிம்மதி என்று தெரிந்தேதான் வந்தது. ஒரு நாள் முழுக்க அவனுடைய பெட்டியை அவனைவிட நன்றாக அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

திங்கள் முதல் படகில் வந்தவன் செருப்பைக் கழற்றாமல் குளியலறைக்குப் போனான். "எப்புடி ஓடுதுங்க பாரு! ஒண்ணுகூடச் சாகல." அவள் தோளைத் தட்டினான். "நல்லா பாத்துக்கிட்ட, மிட்சுயோ."

அதற்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, நடுப்பகலிலேயே வீடு திரும்பிவிட்டான். வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மிட்சுயோ ஈரக்கையோடு போய் நின்றாள்.

"ஒண்ணும் அசையல," என்றான். "கொடல் அழகா வந்துச்சு. அறுபடல. ஆனா கண்ணாடியில வச்சுப் பாத்தா வெறும் தண்ணி. அஞ்சு எடுத்தேன், பத்து எடுத்தேன், இருபது எடுத்தேன். நிர்வாகத்து ஆள் லென்ஸப் பாத்தான், என்னப் பாத்தான். டாக்டரம்மா பாவம், கருவி கெட்டுப்போச்சுன்னு பொய் சொன்னாங்க."

அவள் ஈரக்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டாள்.

"நாந்தான் கொன்னுட்டேன். போன வாரம் தீனி கொறையுதுன்னு வண்டியில கெடந்த பலகையில ரெண்டு துண்டு அறுத்துப் போட்டேன். மருந்துல ஊறுன பலகையா இருந்திருக்கும். மோந்து பாத்தே சொல்றவன் நான். எனக்கே தப்பிப்போச்சு." கையை மூக்கில் வைத்து மோந்து பார்த்தான். "பழக்கதோஷம் போகாது. சாகடிக்கிற கை. டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன், அக்டோபருக்கு வேற ஆள் பாத்துக்கங்கன்னு."

அன்று மிட்சுயோ பன்றிக்கறி வேகவைத்தாள். இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டான். அவள் கேட்டதும் மூன்றாவதும் வாங்கிக்கொண்டான். கிண்ணத்தைப் பார்த்து, கடைசிப் பருக்கை வரை மென்றான். அவள் நினைத்தது நடந்துவிட்டது. மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்துக் கிடங்கில் வேலை. அவன் வாசலில் உட்கார்ந்து பேசினான். பன்றிக்கறி விலை. பேஸ்பால். மைத்துனன் பெண்டாட்டி. ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விடாமல், யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிக்கிறவன் மாதிரி. இருட்டில் ஊர்ந்துகொண்டே மிட்சுயோ, "போதும்யா, கொஞ்சம் வாய மூடு," என்று கத்திவிட்டாள். அவன் உடனே மூடிக்கொண்டான். கோபித்துக்கொள்ளக்கூட இல்லை.

வியாழக்கிழமை கிஷாபா வீட்டில் இருந்தார். "என்னப்பா எய்கி, வெள்ளக் கோட்டு போட்டுக்கிட்டு ஆராய்ச்சி பண்றியாமே? அடுத்த தடவ என் வீட்டுக் கறையானுக்கு ஊசி போடுவியா, மருந்து அடிப்பியா?"

"கோட்டு பத்தல அண்ணே. தொப்பை மறிக்குது," என்று சிரித்தான் எய்கி.

"டாக்டரம்மாவக் கேட்டா கழட்டி மாட்டி விடுமே! சரி சரி, நல்லா அடிங்க. ஒரு பய மிஞ்சக்கூடாது." வீட்டைப் பூட்டிக்கொண்டு, தன் வயசு ஆட்களோடு பந்து தட்டக் கிளம்பிவிட்டார். அவர் தெருவைத் தாண்டும் வரை எய்கி சிரித்த முகத்தோடே நின்றான். பிறகு அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாதவன் மாதிரி குனிந்து பம்பின் கயிற்றைத் தேடினான்.

மிட்சுயோ மருந்துக் குழாயை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். குளியலறை மூலையை அடைந்தபோது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. அவள் அறுத்த வெட்டுவாயைக் கறையான்கள் ஈரமண்ணால் பூசி மூடியிருந்தன. இரண்டு விரல் தடிமனுக்குப் புதுக்கூடு வளர்ந்திருந்தது. விரலால் ஒரு ஓரத்தைப் பெயர்த்தாள். திமுதிமுவென்று வந்தன. பழுப்பு வயிறு, நிறைந்த வயிறு. நாகோவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இதுகளின் கூடப்பிறந்தவை இன்னமும் மரத்தை மென்றுகொண்டிருக்கும். இன்னும் ஒரு வாரம் ஓடும். குழாயின் விசையில் அவள் கட்டைவிரல் இருந்தது. அழுத்தினால் பத்து நிமிஷம். அதற்குப் பிறகு நாகோவில் இருப்பவற்றுக்கு நக்கக் கொடுக்க ஒரு சொந்தமும் மிஞ்சாது. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. தெரியாமலே, தன் கையை மோந்து மோந்து அவன் கிழவனாகிவிடுவான். அவள் பக்கத்திலேயே.

"பம்பப் போடட்டுமா?" வெளியிலிருந்து குரல்.

"போடாத."

"என்ன? பாம்பா?"

"போடாதன்னா போடாத." பின்னுக்கு ஊர்ந்து வந்தாள். வெளிச்சத்தில் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றினாள். கையுறையையும் கழற்றினாள். அவன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினான். வாங்கவில்லை.

"பலகை இல்லய்யா அது. நீ ஏயே தீவுக்குப் போன அன்னிக்குப் பெட்டியத் தகரக் கொட்டகையில வச்சேன்."

அவன் புட்டியை நீட்டியபடியே நின்றான். "எவ்ளோ நேரம்?"

"எட்டு மணிலேர்ந்து. அப்புறம் கொதிகலன் மேல. விடியிற வரைக்கும்."

"எத்தன டிகிரி?"

"முப்பத்தாறு. முப்பத்தெட்டத் தாண்ட விடல."

எய்கி மெதுவாகப் புட்டியின் மூடியைத் திருகினான். "டாக்டரம்மாவோட மெஷினே அவ்ளோ சரியா வைக்காது," என்றான். குரலில் கோபம் இல்லை. மெய்யாகவே வியந்தவன் மாதிரி இருந்தது. அது அவளுக்கு அறை வாங்கியது போலிருந்தது. புட்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டான்: "ஏன்?"

எத்தனையோ இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான். "அங்க பால் ஊத்துன காப்பி குடிச்ச."

அவனுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள முயற்சி செய்கிறான் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது. பிறகு விட்டுவிட்டு வண்டிப் பக்கம் போனான். ஒரு காலிப் பெட்டியும் ரம்பமும் அவனுடைய பழைய ஊர்கிற உடுப்பும் எடுத்துவந்தான். உடுப்பை மாட்டினான்; பித்தான் பூட்ட முடியவில்லை, தொப்பை மறித்தது. உள்ளே உயிரோடு இருப்பதில் ஒரு கை அள்ளிக்கொண்டுபோய் நாகோவில் அந்தப் பெட்டியில் விட்டால் போதும், மிச்சம் இருப்பவை நக்கிப் பிழைத்துக்கொள்ளும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"உன் இடுப்புய்யா. குடு, நான் போறேன்."

"நீ வேணாம்."

நெற்றி விளக்கை அவள் தலையிலிருந்து கழற்றிக்கொண்டு போனான். உள்ளங்கால் இரண்டும் உள்ளே மறைந்தன. ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது. பிறகு ஒரு முக்கல். பிறகு எதுவும் இல்லை.

"எய்கி?"

"புடிச்சுக்கிச்சு."

விளக்கில்லாமலே ஊர்ந்து போனாள். மல்லாந்து கிடந்தான். முகம் வியர்த்து மண் ஒட்டியிருந்தது. பெட்டி நெஞ்சின் மேல், இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி. அவள் அவன் இடுப்புக்கு அடியில் கையை நுழைக்கப் போனாள்.

"மொதல்ல இதக் கொண்டு போ. வண்டியில குளிர்பெட்டி இருக்கு, அதுல வை. அப்புறம் வா."

எடுத்துக்கொண்டு போனாள். முற்றத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. குளிர்பெட்டியில் ஐஸ் பைகளுக்கு நடுவே துணி சுற்றி வைத்து, அதிலிருந்த சின்ன வெப்பமானியைப் பார்த்து, மூடியைச் சாத்தினாள். திறப்பருகே வந்து குனிந்தாள்.

"வச்சிட்டியா?" என்றான் உள்ளேயிருந்து.

"வச்சிட்டேன்."

"எத்தன காட்டுது?"

"இருபத்தாறு."

தெருவில் யாரோ கிழவர் பந்தைத் தட்டிவிட்டுச் சிரிப்பது கேட்டது.

"இங்க கொண்டா. நானே பாக்குறேன்," என்றான் எய்கி.

அவள் நின்றாள். பிறகு வண்டிக்குப் போய்க் குளிர்பெட்டியை அப்படியே தூக்கி வந்தாள். தலையால் முட்டியும் கையால் தள்ளியும் மண்ணில் உழுதுகொண்டு போனாள். அவன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, மூடியைத் திறந்தாள். இடம் அவ்வளவுதான். பெட்டிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள். எய்கி வலியோடு கழுத்தை மட்டும் திருப்பி, விளக்கை வெப்பமானி மேல் விழ வைத்தான். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். ஐஸ் பையிலிருந்து புகைபோல ஆவி எழுந்து வெளிச்சத்தில் சுழன்றது.

"இடுப்ப அமுக்கி விடவா?"

"இரு."

உத்தரத்திலிருந்து ஒரு கறையான் அவன் கழுத்தில் விழுந்தது. தடுமாறி நிமிர்ந்து, உணர்கொம்பால் தோலைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு காதுமடல் பக்கமாக ஊர்ந்தது. மிட்சுயோ பெட்டியின் மேலாகக் கையை நீட்டினாள். எடுத்துப் பெட்டிக்குள் போடவா, அவன் சொல்லும் வரை அப்படியே விடவா என்று தெரியாமல் கை ஐஸின் குளிரில் பாதியில் நின்றது. அவன் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.